சிப்பி இளவரசி (1919): தமிழ் சப்டைட்டிலில் பணியாட்களும் பிரபுக்களும் எப்படிப் பேச வேண்டும்?

கீழ்வரி கேட்கிறார்:

வணக்கம். எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் 1919ல் எடுத்த ‘டி ஆஸ்டர்ன்பிரின்ஸெஸின்’, அதாவது ‘சிப்பி இளவரசி’, ஒரு சிறிய அரங்கில் திரையிடப்படுகிறது. ஒரு பியானோ, ஒரு வயலின் என நேரடி இசையும் உண்டு. ஷாட்களுக்கு நடுவே எழுத்தாக வரும் ஜெர்மன் டைட்டில் கார்டுகளுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுத வேண்டும். மௌனப் படம், பேச்சும் குறைவு, ரெண்டு நாள் வேலை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் நாலு இடத்தில் வண்டி நின்றுவிட்டது.

முதலாவது, சிப்பி வியாபாரத்தில் கோடிகோடியாகச் சேர்த்த அமெரிக்கர் மிஸ்டர் குவேக்கர் படம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லும் வசனம்: ‘டாஸ் இம்போனியர்ட் மியர் நிஷ்ட்’. ‘இது என்னை வியக்க வைக்கவில்லை’ என்று எழுதினால் உயிரே இல்லை. கடைசிக் காட்சியில் அதே வசனம், ‘இல்லை’ என்று பொருள்படும் ‘நிஷ்ட்’ இல்லாமல் வருகிறது. படம் முடிவதே அந்த ஒரு வரியில்தான். ரெண்டு இடத்துக்கும் பொருந்துகிற தமிழ் வேண்டும்.

ரெண்டாவது, யார் யாரை எப்படி விளிப்பது. கையில் காசில்லாத இளவரசன் நுக்கி, அவனுக்குத் தோழனும் எடுபிடியுமான யோசெஃப், கல்யாணத் தரகர் ஸெலிக்சன், குவேக்கரின் செல்ல மகள் ஒஸ்ஸி. எல்லார் வாயிலும் ‘நீங்கள்’ வைத்தால் தட்டையாகிவிடுகிறது.

மூன்றாவது, கையில் ரெண்டு பிரதி. ஒன்றுக்குக் கட்டிய நேரம் இன்னொன்றில் போகப்போகத் தள்ளிப்போய், கடைசியில் ரெண்டு நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் காட்டுகிறது.

நாலாவது, பணியாட்கள் திரண்டு வரும் பெரிய காட்சிகளில் கார்டே கிடையாது. விளக்கமாக ஒரு வரி சேர்க்கலாமா, சும்மா விட்டுவிடலாமா?

---

பழையரீல்:

மூன்றாவது கேள்வியை முதலில் தீர்த்துவிடுவோம். அது சரியாகாமல் மற்ற எதைக் கட்டினாலும் சரியும்.

நீங்கள் சொல்வது பெரும்பாலும் நொடிக்கு 24 ஃபிரேமுக்கும் 25 ஃபிரேமுக்கும் உள்ள வித்தியாசம். 24ல் சரியாக 60 நிமிஷம் ஓடும் படம் 25ல் 57 நிமிஷம் 36 நொடியில் முடிந்துவிடும். இடைவெளி 2 நிமிஷம் 24 நொடி. சந்தேகம் தீர, இரண்டு பிரதியிலும் முதல் கார்டு தோன்றும் நொடியையும் கடைசிக் கார்டு தோன்றும் நொடியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றின் இடைவெளியை மற்றதால் வகுத்தால் 1.04 அல்லது 0.96 வரவேண்டும். வந்தால் சப்டைட்டில் எடிட்டரில் ஃபிரேம் ரேட்டை மாற்றினால் போதும். மொத்தமாக முன்னே பின்னே தள்ளிப் பார்க்காதீர்கள். தள்ளினால் தொடக்கம் ஒட்டும், முடிவு விலகும். முடிவை ஒட்டவைத்தால் தொடக்கம் விலகும்.

வேறு எண் வந்தாலோ, நன்றாகப் போய்க்கொண்டிருந்து நடுவில் திடீரெனத் தாவினாலோ, அது வேகப் பிரச்சினை இல்லை. ஒரு பிரதியில் ஷாட் விடுபட்டிருக்கிறது, அல்லது கார்டுகளைப் புதிதாகச் செய்து நீளத்தை மாற்றியிருக்கிறார்கள். படம் நாலு அங்கமாகப் பிரிந்திருப்பது இங்கே கைகொடுக்கும். ஒவ்வொரு அங்கத்தின் முதல் ஷாட்டையும் ஆணியாக வைத்துக்கொண்டு நாலு துண்டாகச் சரிசெய்யுங்கள்.

இதைவிட முக்கியமான கேள்வி, எந்தப் பிரதியை ஓட்டுவது என்பது. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 52.5 ஃபிரேம். ஆக, 1000 மீட்டர் படம் நொடிக்கு 18 ஃபிரேமில் 48½ நிமிஷம், 20ல் 44 நிமிஷம், 24ல் வெறும் 36½ நிமிஷம். மௌனப் பட வேகத்தைக் கவனிக்காமல் அப்படியே 24ல் மாற்றிய பிரதிகள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன. பழைய ஜெர்மன் படங்களைப் பாதுகாக்கும் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் மூர்னாவு அறக்கட்டளையின் பிரதியை அடிப்படையாகக் கொண்ட டிவிடிகள் சுமார் ஒரு மணி நேரம் ஓடும். உங்கள் பிரதி அதைவிட மிகக் குறைவாக இருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

வேகம் சரிதானா என்று பார்க்க ஒரு காட்சி போதும். யோசெஃப், குவேக்கர் மாளிகையின் பிரம்மாண்டமான கூடத்தில் காக்க வைக்கப்படுகிறான். தரையில் சிக்கலான கோலம்போல மர இழைப்பு வேலை. அலுப்புத் தாங்காமல் அந்தக் கோடுகளின் மேலேயே நடக்கத் தொடங்குகிறான். வளைந்தால் வளைகிறான், கூர்முனை வந்தால் திரும்புகிறான். சரியான வேகத்தில் பார்த்தால் அவமானத்தை விழுங்கிக்கொண்டு பொழுதுபோக்கும் மனிதன் தெரிவான். வேகம் கூடிவிட்டால் வெறும் குதித்தோடும் பொம்மைதான் தெரியும். லூபிட்ஷ் தன் கடைசி ஆண்டான 1947ல் திரைப்பட விமர்சகர் ஹெர்மன் வைன்பெர்குக்கு எழுதிய கடிதத்தில் இந்தத் தரைக் காட்சியைத்தான் எடுத்துச் சொல்கிறார். தன் பாணி என்று ஒன்று துலங்கத் தொடங்கிய முதல் நகைச்சுவைப் படம் இது என்றும் சொல்கிறார். அந்த ஷாட் கெட்டால் படத்தின் ஆதாரமே கெட்டதுபோல.

தமிழுக்கென்று தனியாகச் சில தொல்லைகள் உண்டு. எடிட்டர் மென்பொருள் ‘நொடிக்கு இத்தனை எழுத்து, அதிகம்’ என்று சிவப்பு காட்டினால் அப்படியே நம்பாதீர்கள். அது யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. ‘கொண்டு’ நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, அதற்கு ஆறு. ஆகவே சொல் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: நொடிக்கு இரண்டு சொல், நீண்ட கூட்டுச்சொல் இருந்தால் அதற்கும் குறைவு. ஐந்து நொடி நிற்கும் கார்டுக்குப் பத்துச் சொல்தான் உச்சம். ஏழெட்டில் முடிந்தால் இன்னும் நல்லது.

வரி கார்டோடு தோன்றி, கார்டு வெட்டும் அதே ஃபிரேமில் மறைய வேண்டும். பேசும் படத்தில் ஒரு நொடி நீட்டித்து விடுவது வழக்கம்தான். இங்கே செய்யாதீர்கள். லூபிட்ஷ் கார்டுக்கு அடுத்த ஷாட்டிலேயே பதிலை வைக்கிறார்; கண் கீழே கிடந்தால் சிரிப்பு போய்விடும்.

சப்டைட்டில் கோப்பை யூடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டில் சேமியுங்கள். அரங்கின் பிளேயரை நம்பி ஒப்படைக்காமல் எழுத்தைப் படத்திலேயே பதித்துவிடுவது பாதுகாப்பு. இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாத பிளேயரில் ஒற்றைக்கொம்பு மெய்க்குப் பின்னால் போய் உட்காரும். ‘பெண்’ படிக்கவே முடியாது. பதித்த பிறகு ‘கொ, பொ, ஸ்ரீ, க்ஷ’ இருக்கும் வரிகளை மட்டும் தேடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

---

சொல்லாடி:

குவேக்கர் வசனத்துக்குத் தமிழில் தயாராகவே ஒன்று இருக்கிறது: ‘இதென்ன பிரமாதம்!’ கடைசியில்: ‘இதுதான் பிரமாதம்!’

‘இம்போனியரன்’ என்பது மனதில் ஒரு மதிப்பையும் மலைப்பையும் உண்டாக்குவது. ‘பிரமாதம்’ அந்த இடத்தில் சரியாக உட்காருகிறது. அலட்சியமும் அதில் வருகிறது, வியப்பும் வருகிறது. ஜெர்மனில் ‘நிஷ்ட்’ விடுபடுவதால் பொருள் மாறுகிறது. தமிழில் ‘என்ன’ போய் ‘தான்’ வருகிறது. இரண்டே சொல் என்பதால் பழையரீல் சொன்ன நேரக் கணக்கிலும் இடிக்காது. ஒன்று மட்டும் முக்கியம். ஒவ்வொரு முறையும் எழுத்து மாறாமல் இதே வடிவம் வர வேண்டும். ஒரு இடத்தில் ‘இதெல்லாம் ஒரு விஷயமா’, இன்னொரு இடத்தில் ‘பெரிசா ஒண்ணுமில்லை’ என்று அழகுக்காக மாற்றினால் கடைசி வரி அநாதையாகிவிடும்.

‘ராஜா’ சமாசாரம் இதைவிடக் கொஞ்சம் நுணுக்கமானது. ஷூ பாலிஷ் ராஜாவின் மகள் ஒரு பிரபுவைக் கட்டிக்கொண்டாள் என்று கேட்டதும்தான் ஒஸ்ஸி வீட்டை உடைக்கத் தொடங்குகிறாள். அப்பா அசராமல் உனக்கு இளவரசனையே வாங்கித் தருகிறேன் என்கிறார். இதில் மூன்று அடுக்கு இருக்கிறது: வியாபாரத்தில் ராஜா, பட்டத்தில் பிரபு, அதற்கு மேலே இளவரசன். ‘சிப்பி அதிபர்’, ‘பாலிஷ் தொழிலதிபர்’ என்று போட்டால் பொருள் வரும், ஆட்டம் போய்விடும். காசுள்ளவன் பெயரளவில் ராஜா, பிறப்பால் இளவரசனானவன் ஓட்டைக் குடித்தனத்தில் இருக்கிறான் என்ற முரண் காதில் விழ வேண்டும். அதனால் ‘சிப்பி ராஜா’, ‘பாலிஷ் ராஜா’ என்றே எழுதுங்கள். ஜெர்மன் ‘கிராஃப்’ பட்டத்துக்கு ‘பிரபு’ போதும். ‘கவுண்ட்’ என்று ஒலிபெயர்த்தால் எண்ணிக்கை என்று படிப்பார்கள்.

விளிக்கு என் சிபாரிசு இப்படி. ஒஸ்ஸி அப்பாவை ‘நீ’ என்றே கூப்பிடட்டும். செல்லமும் அதிகாரமும் ஒரே எழுத்தில் வந்துவிடும். தரகர் ஸெலிக்சன் இளவரசனிடம் ‘தாங்கள்’, ‘இளவரசே’ என்று குழையட்டும். குவேக்கரிடம் வெறும் ‘நீங்கள்’ போதும். அவருக்குப் பணம் தருபவர் குவேக்கர், பதவி தருபவன் நுக்கி, ஆகவே குழைவு எங்கே கூடும் என்பது கேட்கிறவருக்குப் புரியும். நுக்கி யோசெஃப்பை ‘நீ’ என்பான். யோசெஃப் மட்டும் இரண்டு விதமாகப் பேச வேண்டும். ஸெலிக்சன் எதிரில் ‘தாங்கள்’, தனியாக இருக்கும்போது ‘நீங்க’. நாற்காலியை உயரத்தில் ஏற்றிச் சிம்மாசனம் ஜோடிக்கும் அந்தக் காட்சியில் ஒரே மனிதன் நொடிக்கு நொடி தோழனாகவும் அரண்மனை வாயிற்காப்போனாகவும் மாறுகிறான். தமிழுக்கு இந்த வசதி ஜெர்மனைவிடக் கூடுதல், பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒஸ்ஸியும் நிஜ நுக்கியும் சந்திக்கும்போது ‘நீங்கள்’ என்று தொடங்கி, மனம் ஒன்றியதும் ‘நீ’க்கு இறங்கலாம்.

கதை சொல்லும் கார்டும் பேச்சுக் கார்டும் ஒரே நடையில் இருக்கக் கூடாது. கல்யாண விருந்தின் நடுவே ஃபாக்ஸ்ட்ராட் நடனம் தொற்றிக்கொள்வதை அறிவிக்கும் கார்டைப் பத்திரிகைச் செய்திபோல எழுதுங்கள்: ‘திருமண வைபவத்தின்போது திடீரென ஃபாக்ஸ்ட்ராட் கொள்ளைநோய் பரவியது.’ ‘நடன மோகம்’ என்று மென்மையாக்காதீர்கள். இன்ஃபுளுயன்ஸா ஊரை வாரிக்கொண்டு போன மறுவருஷம் அது. குடிப்பழக்கத்தை ஒழிக்கக் கோடீஸ்வரர்களின் மகள்கள் நடத்தும் அமைப்பு வருகிறதே, அதற்கு ‘கோடீஸ்வரப் புதல்வியர் மதுவொழிப்புச் சங்கம்’. பெயர்ப்பலகைக்குரிய விறைப்பு அதில் வேண்டும்.

பேச்சில் அடி எங்கே விழுகிறது என்று பாருங்கள். அப்பா மேல் ஏன் பேப்பரை வீசுகிறாய் என்று கேட்டால், ஒஸ்ஸியின் பதில் பூஜாடிகள் மிச்சமில்லை என்பது. ‘எல்லா ஜாடிகளும் உடைந்துவிட்ட காரணத்தால்’ என்று எழுதினால் கொன்றுவிட்டீர்கள். ‘ஜாடியெல்லாம் தீர்ந்துபோச்சே!’ அவ்வளவுதான்.

---

மாலைக்காட்சி:

இது அந்த வருஷக் கடைசி இரவில் ஜெர்மன் டிவியில் போடும் படம்தானே? கிழட்டுச் சீமாட்டிக்கு ஒரு பட்லர் பரிமாறிக்கொண்டே குடித்துத் தள்ளாடுவாரே?

---

பழையரீல்:

இல்லை, அது வேறு. நீங்கள் சொல்வது ‘டின்னர் ஃபார் ஒன்’. 1963ல் ஹாம்பர்கில் பதிவான மேடைத் துண்டு, சுமார் 18 நிமிஷம். நடித்தவர்கள் ஃபிரெடி ஃபிரிண்டனும் மே வார்டனும், பேச்சு முழுக்க ஆங்கிலம். ஜெர்மானியர்கள் அதை வருஷாவருஷம் பார்க்கிறார்கள், ஆனால் அது ஜெர்மன் மொழிப் படம் இல்லை.

ஜெர்மன் பேச்சில் எஜமான்–பணியாள் நகைச்சுவை தேடினால் கோடீஸ்வரர் ஏழையாகவும் அவருடைய பணியாள் கனவானாகவும் வேஷம் மாற்றிக்கொண்டு ஹோட்டலுக்குப் போகும் ‘ட்ரை மென்னர் இம் ஷ்னே’ (குர்ட் ஹோஃப்மன், 1955) இருக்கிறது. அதே இயக்குநரின் ‘டாஸ் விர்ட்ஸ்ஹவுஸ் இம் ஷ்பெஸ்ஸார்ட்’ (1958) படத்தில் பிரபுவின் மகள் கைவினைஞனோடு உடை மாற்றிக்கொண்டு கொள்ளைக்காரர்கள் நடுவே போய்ச் சேர்கிறாள். சிப்பி இளவரசியோடு ஜோடியாகப் போட என்றால் கவால்கான்தி இயக்கிய ‘ஹெர் புன்டிலா உண்ட் ஸைன் க்னெக்ட் மாட்டி’ (1960), அதாவது ‘எஜமான் புன்டிலாவும் அவர் பணியாள் மாட்டியும்’, பொருத்தம். அதில் எஜமான் புன்டிலாவாக நடிப்பவர் குர்ட் போய்ஸ். சிப்பி இளவரசியில் ஃபாக்ஸ்ட்ராட் இசைக்குழுவை நடத்தும் ஒல்லிப் பையனும் அவரேதான், அப்போது வயது 18.

---

வெய்மர்வாசல்:

நாலாவது கேள்விக்கு வருகிறேன். விளக்க வரி சேர்க்க வேண்டாம். ஆனால் ஏன் வேண்டாம் என்பதைப் புரிந்துகொண்டு சேர்க்காமல் விடுவது நல்லது.

இந்தப் படத்தில் பணியாட்கள் பேசுவதில்லை, பெருகுகிறார்கள். முதல் காட்சியிலேயே குவேக்கர் உட்கார்ந்திருக்கிறார். சுருட்டை வாயில் பிடிக்க ஒரு ஆள், கோப்பையை நீட்ட ஒரு ஆள், தலை வார, மூக்குத் துடைக்கத் தனித்தனி ஆள். அவர் சொல்லச் சொல்லத் தட்டெழுத்துப் பெண்கள் வரிசை வரிசையாக ஒரே தாளத்தில் அடிக்கிறார்கள். ஒரு வேலைக்கு ஒரு ஆள், ஒரு ஆளுக்கு ஒரே வேலை. ஒஸ்ஸியைக் குளிப்பாட்டவும் பணிப்பெண்களின் பட்டாளமே வருகிறது. அடுத்து நுக்கியின் அறை. அங்கே எல்லா வேலைக்கும் ஒரே யோசெஃப். துணியையும் தாங்களே துவைத்துக்கொள்கிறார்கள். இந்த எண்ணிக்கை வித்தியாசத்தைக் கண் தானாக எண்ணிக்கொள்ளும். கீழே எழுத்து ஓடினால் எண்ண விடாது.

இன்னும் உள்ளே போனால் கதையின் முடிச்சே இதில்தான் இருக்கிறது. பணக்காரர் தன் சுருட்டைக்கூடத் தன் கையால் பிடிக்க மாட்டார், எல்லாம் பிறர் கையால். இளவரசனும் பெண் பார்க்கத் தான் போகாமல் யோசெஃப்பை அனுப்புகிறான். யோசெஃப்தான் இளவரசன் என்று நினைத்து ஒஸ்ஸி அவனையே இழுத்துக்கொண்டு போய்ப் பாதிரியார் வீட்டு ஜன்னலோரம் கல்யாணத்தை முடித்துவிடுகிறாள். பதிவாகும் பெயர் நுக்கி. ஆக, பணியாள் எஜமானுக்காகக் கல்யாணமும் செய்து கொடுத்துவிட்டான்! கடைசியில் நிஜ நுக்கியும் ஒஸ்ஸியும் காதலித்த பிறகு, நீங்கள் இருவரும் ஏற்கனவே தம்பதிதான் என்று யோசெஃப் போட்டு உடைக்க முடிவது இதனால்தான். முதல் விருந்தில் விருந்தாளிகளின் முதுகுக்குப் பின்னால் சேவகர் சுவர்போல நின்றார்கள். முடிவில் அந்தக் கூட்டம் இல்லை. அறைக்குள் அந்த இருவர், சாவித் துவாரத்தில் அப்பாவின் கண். படம் முழுக்கப் பிறர் கையால் நடந்தவற்றுக்குப் பிறகு, இருவர் தாங்களே செய்யும் ஒன்றைப் பார்த்துத்தான் குவேக்கர் முதல்முறையாகப் ‘பிரமாதம்’ என்கிறார்.

ஜன்னல் கல்யாணம் பற்றி ஒரு குறிப்பு. ஜெர்மன் ரைஷ் (அன்றைய ஜெர்மனி) முழுவதும் 1876 ஜனவரி 1 முதல் அரசுப் பதிவாளர் முன்னால் நடக்கும் திருமணம் மட்டுமே சட்டப்படி செல்லும். பாதிரியார் மட்டும் நடத்தி வைத்தால் போதாது. ஆகவே பெர்லின் ரசிகர்களுக்கு அந்தக் காட்சி நம்மூர் விவகாரம் இல்லை, அமெரிக்க அவசரம் என்று உடனே தெரிந்திருக்கும். பெயரை மாற்றிச் சொல்லிக் கட்டினால் கட்டியவனே கணவன், பெயருக்குரியவன் இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆளைவிடக் காகிதம் பெரிது என்ற தலைகீழ் நியாயத்தில்தான் சிரிப்பு இருக்கிறது. சப்டைட்டிலில் ‘சட்டப்படி’ என்ற சொல்லை நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள்.

திரையிடலுக்கு முன் மூன்று நிமிஷம் பேச இடம் இருந்தால், தேதிகளை மட்டும் வரிசையாகச் சொன்னாலே போதும். படம் வெளியானது 1919 ஜூன். அதற்கு ஏழு மாதம் முன்பு, 1918 நவம்பர் 12ல், ஜெர்மனியின் தற்காலிக அரசான மக்கள் பிரதிநிதிகள் குழு வெளியிட்ட பிரகடனத்தின் எட்டாவது அம்சம் ‘கெஸிண்டெஓர்ட்னுங்’ எனப்படும் வீட்டுப் பணியாளர் சட்டங்களை ஒழித்தது. ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷியாவில் அந்தச் சட்டம் 1810லிருந்து இருந்தது. வேலையை விட்டு ஓடிய பணியாளைப் போலீஸ் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடலாம். பழைய எஜமான்கள் நற்சான்று எழுதும் பணிப் புத்தகத்தை ஒவ்வொருவரும் வைத்திருக்க வேண்டும். இந்தப் படத்தைப் பார்த்த வேலைக்காரப் பெண்களில் பலர் அந்தப் புத்தகத்தோடு வாழ்ந்தவர்கள்.

மேல்தட்டின் கதையும் அதே மாதங்களில்தான். ஆஸ்திரியா 1919 ஏப்ரல் 3ல் பிரபுப் பட்டங்களைச் சட்டம் போட்டு ஒழித்தது. ஜெர்மனியில் ஆகஸ்டில் வந்த வெய்மர் அரசியலமைப்பின் 109ஆவது பிரிவு பிறப்புரிமைச் சலுகைகளை நீக்கி, பட்டத்தை வெறும் பெயரின் பகுதியாக்கியது. இரண்டுக்கும் இடையில் வந்தவன் நுக்கி. பட்டம் இருக்கிறது, சிம்மாசனம் மட்டும் வீட்டு நாற்காலி. சாப்பாட்டு மேஜையைப் பற்றியும் ஒரு வரி சொல்லுங்கள். நேச நாடுகளின் கடல் முற்றுகை 1919 ஜூலை 12 வரை நீங்கவில்லை. ரேஷன் ரொட்டி தின்றவர்கள்தான் அரங்கில் உட்கார்ந்து அந்த விருந்தைப் பார்த்தார்கள். யோசெஃப் மணமகனாக இருந்தும் எதையும் கவனிக்காமல் தின்பதிலும் குடிப்பதிலுமே குறியாக இருக்கிறானே, அவர்கள் அவனோடுதான் இருந்திருப்பார்கள்.

---

கீழ்வரி:

எல்லாருக்கும் நன்றி. வகுத்துப் பார்த்தேன், 0.96 வருகிறது. ‘இதென்ன பிரமாதம்’ உறுதி. மிச்சம் ரெண்டு சந்தேகம். குவேக்கரைச் சுற்றி நிற்கும் கறுப்பினச் சேவகர்களைக் காட்டியிருக்கும் விதம் இன்றைக்கு உறுத்துகிறது, அதை என்ன செய்வது? இன்னொன்று, ஃபாக்ஸ்ட்ராட் காட்சிக்கு இசைக்கலைஞர்களிடம் என்ன சொல்வது? மெட்டு யோசித்துவிட்டார்கள், ஆனால் ஆடுகிறவர்களோடு ஒட்டவில்லை.

---

வெய்மர்வாசல்:

வெட்டாதீர்கள். வெட்டினால் குவேக்கரின் அறிமுகமே போய்விடும், அவர் எதன் மேல் உட்கார்ந்து பணம் பண்ணுகிறார் என்பதும் மறைந்துவிடும். முன்னுரையிலோ அச்சுத் தாளிலோ நேராகச் சொல்லுங்கள்: கறுப்பினத்தவரை வெறும் அலங்காரப் பொருளாக நிறுத்தும் வழக்கம் அன்றைய ஐரோப்பியப் படங்களில் இருந்தது, இந்தப் படமும் அதிலிருந்து தப்பவில்லை, அது தவறு. மூன்று வாக்கியம் போதும். படம் ஓடும்போது திரையில் எச்சரிக்கை எழுத்து போட வேண்டாம்.

---

பழையரீல்:

இசைக்கு. மெட்டு பிடித்துவிட்டுப் படத்தைத் துரத்தினால் ஒட்டாது. பாதங்களை எண்ணுங்கள். பெரிய கூடத்தில் ஜோடிகள் தெளிவாகத் தெரியும் ஒரு ஷாட்டை எடுத்து, பத்து நொடியில் எத்தனை அடி விழுகிறது என்று எண்ணி ஆறால் பெருக்கினால் நிமிஷத்துக்கு எத்தனை தட்டு என்று கிடைக்கும். நீங்கள் ஓட்டப்போகும் அதே பிரதியில், அதே வேகத்தில் எண்ண வேண்டும். 24ல் எண்ணி 25ல் வாசித்தால் ஒரு நிமிஷத்தில் இரண்டரை நொடி நழுவும், காட்சி முடிவதற்குள் கால் ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம். இன்றைய போட்டி ஃபாக்ஸ்ட்ராட் நிமிஷத்துக்கு சுமார் 30 தாளக்கட்டு, அதாவது 120 தட்டு. அது மிதக்கும் நடை. அந்த நிதானத்தில் தொடங்கினால் திரையில் இருக்கும் துள்ளலுக்குப் பற்றாது.

எல்லா ஷாட்டும் ஒரே தாளத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு ஷாட்டையும் தனித்தனியாக எடுத்தார்கள், கேமராவைக் கையால் சுழற்றினார்கள். ஒன்றைத் தேர்ந்து அதைப் பிடித்துக்கொண்டு போங்கள். தேர்வதற்கு நல்ல ஷாட் குர்ட் போய்ஸ்தான். அவர் கையால் மட்டும் இசைக்குழுவை நடத்தவில்லை, இடுப்பு, தோள், முதுகு எல்லாம் தாளம் போடுகின்றன. வயலின் அவர் இடுப்போடு ஒட்டிவிட்டால் மற்ற ஷாட்களில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் காது மன்னித்துவிடும்.

நோய் பரவும் வரிசையையும் கவனியுங்கள். விருந்தாளிகளோடு நிற்காமல் நடனம் மாடிப்படியிலும் சமையலறையிலும் வேலைக்காரர்களைப் பிடிக்கிறது. முதல் நொடியிலேயே முழுச் சத்தம் வேண்டாம். கூடத்தில் பியானோ மட்டும், பிறகு வயலின், சமையலறைக்குப் போகும்போது பியானோவின் கீழ்ஸ்தாயி சேரட்டும். எஜமான் வீட்டு மெட்டைத்தான் அடுக்களையும் ஆடுகிறது. ஆகவே அங்கே வேறு நாட்டுப்புற மெட்டுக்குத் தாவாதீர்கள்.

உரிமை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. லூபிட்ஷ் 1947லும் உடன் எழுதிய ஹன்ஸ் க்ரேலி 1950லும் இறந்தார்கள். இறந்து 70 ஆண்டு வரை உரிமை என்னும் ஜெர்மன் கணக்கில் இருவருக்கும் காலம் முடிந்துவிட்டது. ஆனால் டிவிடியில் இருக்கும் இசை பின்னாளில் எழுதப்பட்டது, அதற்கு உரிமை தனி. நேரடி இசை என்பதால் அந்த ஒலித்தடத்தை முழுவதும் நிறுத்திவிடுங்கள், ஒத்திகைக்குக்கூட ஓட்டாதீர்கள். கேட்டால் வயலின்காரர் அறியாமலே அந்த மெட்டுக்குப் போய்விடுவார்.

கடைசிக் கார்டுக்கு இசை வேண்டாம். குவேக்கர் சாவித் துவாரத்தில் குனியும்போதே கையை எடுத்துவிடச் சொல்லுங்கள். அவர் நிமிர்ந்து நம்மைப் பார்க்க, கார்டு வர, ‘இதுதான் பிரமாதம்!’ தோன்றி, அரங்கு படித்து முடிக்க இரண்டு நொடி போதும். அதன் பிறகு பியானோ.